அரை நாள் வெயில்

ஒன்பது வயதில் நான் ஒரு செடிக்கு எதிராகப் பொய் சொன்னேன்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, அப்போது தென்காசியில் எங்கள் வீட்டில் தங்கித் தாவர ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். வனத்துறை அனுமதிக்கு மாதக்கணக்கில் அலைந்து, குற்றாலம் மலையில் ஒரு செடியின் இலைகளைப் பறித்துவந்து மாடி அறையில் செய்தித்தாளில் பரப்பியிருந்தாள். தொடக்கூடாது என்பது எனக்கிட்ட உத்தரவு. தாத்தா அவளுக்கு இட்ட உத்தரவு வேறு. “இந்த சீசனோட படிப்ப முடிச்சிரு. இல்லன்னா மாப்பிள்ள வீட்டுக்கு வாக்கு குடுத்துருவேன்.”

நான்கு நாள் விடாத சாரல். ஐந்தாம் நாள் சுள்ளென்று வெயில் அடித்ததும் தெருவே மொட்டைமாடிக்கு ஓடியது. சீசனில் எங்கள் ஊர் வழக்கம் அது. அம்மா தலையணைகளோடு ஓடினாள். நான் சித்தியின் இலைகளை அள்ளிக்கொண்டு ஓடினேன். மத்தியானம் மேகம் கூடியதும் பழையபடி கொண்டுவந்து பரப்பிவிட்டு, பாராட்டு வாங்க வாசலில் நின்றேன்.

சித்தி ஓர் இலையை நொறுக்கிப் பார்த்தாள். “நல்லாக் காஞ்சிட்டு. நெழல்லயே காயணும்ட்டி. வெயிலு பட்டா சத்தெல்லாம் போயிரும்.”

அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. உடம்பு கெடாமல் காக்கும் சத்து இலையில் இருந்தால், அதன் சாறு பட்டதும் ஊதா மருந்து மஞ்சளாக மாறுமாம். சித்தி இலையைச் சோதனைக்குக் கொண்டுபோன பத்து நாளும் பிள்ளையாரிடம் மஞ்சள் கேட்டேன்.

பதினோராம் நாள் சித்தி கைபேசியில் படம் காட்டினாள். கண்ணாடிக் குழாயில் நாவல்பழச் சாறு போல அதே ஊதா.

“ஏட்டி, நெசத்தச் சொல்லு. யாராச்சும் இலைய வெயில்ல போட்டாங்களா?”

திட்டுகிற குரலில்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

“இல்ல சித்தி.”

“அப்ப இந்த இலையில ஒண்ணுமில்ல போல” என்று கைபேசியை அணைத்தாள்.

தப்பித்தோம் என்று அன்று இரண்டு தட்டுச் சோறு தின்றேன். தை மாதம் சித்திக்குக் கல்யாணம். எனக்குப் பட்டுப்பாவாடை எடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு மண்டபம் முழுக்க ஓடினேன்.

‘இல்லை’ என்ற பதிலைத்தான் அவள் கேட்க விரும்பினாள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். தாத்தாவிடம் போய் இன்னொரு சீசன் கேட்க, என்னிடமிருந்து ஒரு ‘ஆமா’ போதுமாக இருந்திருக்கும் அவளுக்கு.