கேக் திரும்பிப் போன வெள்ளிக்கிழமை

எங்கள் கல்யாண நாளுக்காக நானும் கணவரும் பருத்தித்துறையிலிருந்து வந்து யாழ்ப்பாண நகரின் பெரிய ஹோட்டல் ஒன்றில் தங்கியிருக்கிறோம். மாலைத் தேநீருக்காகவே இந்த இடத்தைத் தேர்ந்தேன்.

மூன்று தட்டு அடுக்கில் கேக் வந்தது. படம் எடுத்துவிட்டுக் கை நீட்டினேன்.

பரிமாறிய பெண் எங்கள் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். "அக்கா, இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ. உதுகளிலை முட்டை கிடக்கு. பொறுங்கோ, மாத்திக் கொண்டு வாறன்."

வெள்ளியில் எங்கள் வீட்டில் முட்டைகூடச் சேர்ப்பதில்லை. எனக்கோ நினைவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் அதே அடுக்கில் சுடச்சுட உளுந்துவடையும் சுசியமும் வந்தன. இப்படி ஒரு கவனிப்பை நான் எங்கும் கண்டதில்லை.

கணவர் திரும்பிப் போன கேக்கையே நினைத்துக்கொண்டிருந்தார். "எனக்குத் திருநீறு பூசிவிட்டது ஆர்?"

காலையில் பிடித்துவைத்துப் பூசியவள் நான்தான். உங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைச் சைவம் எத்தனை பேருக்கு?