அவரிடம் ஒரு வார்த்தை

என் மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு கட்டு மஞ்சள் கயிறு கிடக்கும். தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில், யார் முன்னால், யார் பின்னால் என்று நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருப்பதுதான் என் வேலை. எம்ஆர்ஐ அறைக்குள் உலோகம் எதுவும் போகக் கூடாது. தாலியைக் கழற்றச் சொன்னால் உடனே அழுகை. அதனால்தான் மஞ்சள் கயிறு. மாமியாரோ நாத்தனாரோ முதலில் அதைக் கட்டிவிட்டு, பிறகு தாலியைக் கழற்றி மடியில் முடிந்துகொள்வார்கள். காரியம் முடிந்துவிடும்.

குடவாசல் பக்கத்திலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நெல் மூட்டையை நகர்த்தும்போது முதுகு பிடித்துக்கொண்டதாம். காலையில் கண் விழித்தால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருக்கிறது. "தண்டுவடம் நசுங்குது. படத்தைப் பாத்தாத்தான் ஆபரேஷன் பண்ண முடியும். சீக்கிரம் எடுங்க" என்று சர்ஜன் போனில் விரட்டினார். வரிசையில் இருந்தவர்களிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு அவளை முன்னால் கொண்டுவந்தேன்.

கயிற்றை நீட்டினேன். அவள் தாலியை நெஞ்சோடு பொத்திக்கொண்டாள்.

"அவரு குவைத்துல இருக்காருக்கா. அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம கழட்ட மாட்டேன்."

"ஏம்மா, காலு போயிடும்னு டாக்டர் கத்துறாரு. நீ என்னடான்னா தாலியப் பிடிச்சிக்கிட்டுக் கெடக்குறியே!"

மாமியாரைப் பார்த்தேன். வழக்கமாக இவர்கள்தான் ஒரே அதட்டில் முடித்துவைப்பார்கள். இந்த அம்மாள் கையைப் பிசைந்தார். "போன தடவை ஸ்கேனுக்குக் கழட்டுன அன்னைக்குத்தாம்மா அவன் அங்க சாரத்துலேருந்து விழுந்தான். பொழச்சதே பெருசு. ஒரு வார்த்தை கேட்டுடுறோமே."

குவைத்துக்குப் போட்ட போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. அதற்காகக் கையைப் பிடித்து இழுத்தா கழற்ற முடியும்? அதற்குள் பைக்கில் அடிபட்டுக் கழுத்து முறிந்த ஒருவனை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இருப்பதோ ஒரே இயந்திரம். அவனை உள்ளே அனுப்பினேன். வேறு என்னத்தைச் செய்ய?

அவன் உள்ளே போன பிறகுதான் குவைத்திலிருந்து அழைப்பு வந்தது. விஷயத்தைக் கேட்டதும் கணவர் அலறியது எனக்கே கேட்டது. "கழட்டுடி மொதல்ல! இதுக்காடி என்னைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தே, அடிப்பாவி!" அடுத்து அவரிடமிருந்து ஒரே அழுகை. அவள் மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்தாள். இப்போது அவள் தயார், இயந்திரம் காலியில்லை. எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவளுக்குப் படம் எடுக்கவே மதியம் தாண்டிவிட்டது. ஆபரேஷன் சாயங்காலம் நடந்தது. "முன்னாடியே எடுத்திருந்தா?" என்று சர்ஜனிடம் கேட்டேன். "சொல்ல முடியலம்மா" என்றார்.

மறுநாள் மனசு கேட்காமல் வார்டுக்குப் போனேன். மாமியார் டீ வாங்கப் போயிருந்தார். வீடியோ காலில் கணவர் இருந்தார்.

"அக்கா, கொஞ்சம் போனைப் புடிங்களேன். காலைப் பாக்கணுங்கிறாரு."

அவள் பாதத்துக்கு நேரே பிடித்தேன்.

"வெரலை அசைடி" என்றார் அவர்.

அவள் கண்ணை இறுக்கி மூடி, பல்லைக் கடித்தாள். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. விரல் கிடந்தது கிடந்தபடியே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை வெடவெடவென்று நடுங்கியது. போனும் சேர்ந்து ஆடியது.

"அசையுது! அசையுதுடி! நான் பாத்துட்டேன்!"

தலையைத் தூக்க முடியாமல் படுத்திருந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நெசமாவாக்கா?"

அங்கே அவர் பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் போனை இறக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.