செவலையிடம் பேசிய பெண்

தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது மேலப்பாளையத்து ஜவுளி வியாபாரி மீரான் அண்ணாச்சி பள்ளி வாசலில் வந்து நின்றார். துணி விற்கப் பாபநாசம் வரை வண்டி கட்டிப் போகிறவர். வழக்கமாகத் தெருமுனையிலேயே அவர் குரல் கேட்டுவிடும். அன்று நான் நிமிர்ந்து பார்க்கும்வரை பேசாமல் நின்றார்.

“வாத்தியாரம்மா, மேக்க இருந்து வாரேன். ஞானப்பூ அம்மா மவுத்தாயிட்டாவ. மலைக்காய்ச்சலாம். அடக்கம் பண்ணியாச்சு. ஒங்களுக்குச் சொல்லணும்னு அவிய வீட்டுக்காரன் ஆசீர்வாதம் சொல்லிவிட்டான்.”

பிள்ளைகளை ஊசியைக் கீழே வைக்கச் சொன்னேன். நான் வைக்கவில்லை. சாயங்காலம்வரை எதையோ தைத்துக்கொண்டே இருந்தேன்.

பாளையங்கோட்டை அநாதை விடுதியில் எங்களோடு கூழ் குடித்து வளர்ந்தவர்களுக்கு ஞானப்பூவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் வந்தவர்களுக்காக எழுதுகிறேன். காலராவில் பெற்றோரைப் பறிகொடுத்து, பேர்கூடச் சொல்லத் தெரியாத வயதில் வந்தவள் அவள். நானும் அப்படித்தான். மழை ஓய்ந்த காலைகளில் கிணற்று மேடையில் ஏறி நின்றால் மேற்கே மலை தெரியும். “ஏட்டி சாராள், அந்த நீலத்துக்குள்ள ஒரு வீடு இருக்கு. அடுப்பு எரியுது பாரு” என்பாள். எனக்கு மேகம்தான் தெரியும். ஆனாலும் அவள் சொல்லச் சொல்ல, எங்கிருந்தோ விறகுப் புகை வாசம் வந்துவிடும்.

எங்கள் விடுதியில் ஒரு சட்டம் இருந்தது. ஆண்பிள்ளைகள் எல்லாரும் எங்களுக்கு அண்ணன் தம்பிகள். அப்படித்தான் கூப்பிட வேண்டும். சொந்தம் இல்லாத பிள்ளைகளுக்குச் சொந்தம் உண்டாகட்டும் என்று யாரோ நல்ல மனதோடு வைத்த சட்டம். நாங்கள் எல்லாரும் வாய் நிறைய ‘அண்ணே, அண்ணே’ என்று திரிந்தோம். ஞானப்பூவும் கூப்பிடுவாள், ஒருவனைத் தவிர.

அந்த ஒருவன், எங்களோடு விடுதியில் வளர்ந்து, தினமும் ஆற்றிலிருந்து பீப்பாய் வண்டியில் தண்ணீர் கொண்டுவந்த ஆசீர்வாதம். அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவன் வண்டி மாட்டிடம் சொல்லுவாள். “செவலை, தொட்டி நெறஞ்சிட்டு. பைய நிறுத்தச் சொல்லு.” அவனும் லேசுப்பட்டவனில்லை. “செவலை, நாளைக்கு ஆத்துல தண்ணி கலங்கி வருமாம். இப்பமே ரெண்டு குடம் கூடப் பிடிச்சு வைக்கச் சொல்லு” என்பான். அந்த மாடு இரண்டு பேர் பேச்சையும் கேட்டுக்கொண்டு அசை போட்டபடி நிற்கும். விடுதித் தலைவி ராகேல் அம்மாள் விடுவாரா? அண்ணன் என்று சொல் என்று முட்டிபோட வைத்தார். இராச் சோற்றை நிறுத்தினார். ஞானப்பூ வாயைத் திறக்கவில்லை. திமிர் பிடித்தவள் என்றுதான் நானும் நினைத்தேன்.

அவர்கள் கல்யாணத்துக்கு வேதக்கோயிலில் ஓலை வாசித்தார்கள். இன்னார் இன்னாரை மணக்கிறார், தடை உண்டானால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு கேட்பது வழக்கம். கடைசி ஞாயிற்றில் வயதான உபதேசியார் எழுந்துவிட்டார். கெட்டவரில்லை, மனதில் பட்டதைச் சொன்னார்.

“ஒரே வீட்டுப் பிள்ளைகளா வளந்துட்டு, அண்ணன்னு கூப்பிட்ட வாய் எப்படி ஐயா கணவன்னு சொல்லும்? ஊரு என்ன பேசும்?”

அதுவரை விடுதிப் பிள்ளைகள் தங்களுக்குள் மணந்ததில்லை. குருவானவர் தடையை ஏற்றால் அவளை வேறு எவனுக்காவது கொடுத்துவிடுவார்கள். அவர் கேட்டார்: “ஞானப்பூ, இவனை அண்ணன் என்று நீ அழைத்ததுண்டா?”

“இல்ல ஐயா. ஒரு நாளும் இல்ல.”

“கேட்டவர்கள் யாராவது உண்டா?”

ராகேல் அம்மாள் எழுந்தார். “நான் சொல்லுதேன் ஐயா. சொல்லமாட்டேங்கான்னு முட்டிபோட வச்சேன். பட்டினி போட்டேன். அப்பமும் சொல்லல. மாட்டுகிட்டதான் பேசுனா.”

பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். பிறகு உபதேசியாரே சிரித்துவிட்டார். அவ்வளவு சிறு வயதிலேயே ஒரு சொல்லைப் பத்திரமாக விலக்கி வைத்திருந்தாளே என்று எனக்கு அழுகை வந்தது.

விடுதியை நடத்திய வெள்ளைக்கார மிசியம்மா கல்யாணப் பரிசாகச் செவலையையே கொடுத்தார். பாபநாசத்துக்கு மேற்கே காடு திருத்திக்கொண்டிருந்த இடத்துக்கு இருவரும் போனார்கள். பன்றியும் கரடியும் வரும், காய்ச்சல் வரும் என்று எல்லாரும் தடுத்தோம். முதல் விடுமுறைக்கு நான் போனபோது ஆற்றின் மேல் பஞ்சாக மூடுபனி கிடந்தது. அக்கரையிலிருந்து அவள் கூப்பிடும் குரல் மட்டும் வந்தது. “அத்தான்.”

“அத்தையே இல்லாதவளுக்கு அத்தான் எங்கிருந்துட்டி வந்தாரு?” என்று கேலி செய்தேன்.

“நமக்குன்னு யாரையும் யாரும் வச்சிட்டுப் போகல சாராள். நாமளா கூப்பிட்டு ஆக்கிக்கிட வேண்டியதுதான்” என்றாள்.

அடுத்த வருஷம் அங்கே ஒரு பெண்குழந்தை இருந்தது. ஆடி அமாவாசைக்குக் குளிக்க வந்த பெற்றோரைக் காலரா கொண்டுபோக, படித்துறையில் தனியாக உட்கார்ந்திருந்ததாம். செல்லம் என்று பேர் வைத்திருந்தாள். என்னைக் காட்டி, “இது யாரு? ஒன் சித்தி” என்றாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அதுவரை என்னை யாரும் எந்த முறை சொல்லியும் தானாகக் கூப்பிட்டதில்லை.

போன வாரம் மீரான் அண்ணாச்சி வண்டியில் அங்கே போனேன். அவள் இல்லாத வீட்டில் நான் அந்தக் குழந்தைக்கு யார் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். ஆசீர்வாதம் தொழுவத்தில் இருந்தான். என் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. கிழட்டு மாட்டின் கழுத்தைத் தடவியபடி சொன்னான்: “செவலை, சாராள் வந்திருக்கா. உள்ள வந்து உக்காரச் சொல்லு.”

அதற்குள் அடுக்களையிலிருந்து செல்லம் ஓடிவந்தாள். கையெல்லாம் கரி. அவள்தான் அடுப்பு மூட்டியிருக்கிறாள். “சித்தி” என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஞானப்பூ எனக்கு வைத்துவிட்டுப் போனது இதுதான்.