பஞ்சாயத்து ரேடியோவில் என் கவிதை

சொந்தக் கதையை எழுதுகிற தொழிலில் கூலி கிடையாது. உதை மட்டும் எப்போது வேண்டுமானாலும் விழலாம். வீட்டுக்குத் தெரியாமல் எழுதுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முதல் வாசகி

அம்மாவின் தம்பிக்குக் கட்டி வைக்கத்தான் என்னைப் பத்தாவதோடு நிறுத்தினார்கள். மாமா வாலாஜாபாத் ரைஸ்மில்லில் வேலை பார்க்கிறார். கெட்டவர் இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வீட்டில் சொல்லப் பயம். மோட்டார் கொட்டகையில் கரண்டுக்குக் காத்திருந்த நேரத்தில் அதைக் கவிதையாக எழுதினேன்.

கூடப் படித்த மும்தாஜிடம் காட்டினேன். உத்திரமேரூரில் அவள் அத்தாவுக்கு ஜவுளிக்கடை. படித்ததும் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "இது கவிதையாடி? கல்யாணத்தை நிறுத்தச் சொல்லி மனு கொடுத்த மாதிரி கீது."

தபால்காரர்

ரேடியோவின் இளைஞர் நிகழ்ச்சிக்கு அனுப்பத் துணிந்தேன். எங்கள் ஊரில் இருப்பது பஞ்சாயத்து ரேடியோ ஒன்றுதான். கூம்பு ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்கும். ஆனால் விவசாய நிகழ்ச்சி முடிந்ததும் ஆபரேட்டர் அணைத்துவிடுவார்; இளைஞர் நிகழ்ச்சி அதற்குப் பிறகுதான். அந்தத் தைரியம்.

தபால்காரர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரேடியோவுக்கா? உங்க நைனாகிட்ட சொன்னா பூரிச்சிப்பூடுவாரும்மா."

குழாயடி

தபால்காரர் நைனாவிடம் சொல்லவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் அந்த ஸ்பீக்கர் வாயை மூடுகிறவரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் ஆபரேட்டர் யாருடனோ பேச்சில் உட்கார்ந்துவிட்டார், அணைக்கவில்லை. குழாயடியில் நின்றிருந்தேன். என் கவிதை வந்தது. 'வயல்மலர்' என்று புனைபெயர்தான் வைத்திருந்தேன். ஆனால் பள்ளிக்கூடத்து லீவ் லெட்டர் பழக்கத்தில், கீழே 'இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள, பெருமாள் மகள் செல்வி' என்று எழுதி ஊர், தெருவெல்லாம் போட்டுத் தொலைத்திருந்தேன். நிகழ்ச்சி நடத்துகிற அம்மாள் ஒன்று விடாமல் வாசித்தாள். பக்கத்தில் குடம் வைத்திருந்த அக்கா என்னைப் பார்த்தாள். "அடியே, உங்க நைனா ரேடியோகிட்டதான் குந்திக்கினு கீறாரு."

நைனா

வைக்கோல் போருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். நைனா நேராக அங்கேயே வந்தார். கையில் கழி இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. "என்கிட்ட சொல்ல வாயில்ல, ஊருக்குச் சொல்ல வாயி கீதா? காலைல வாலாஜாபாத் போறோம். உங்க மாமங்கிட்ட நீயே சொல்லு."

மில் வாசல்

காலையில் ஒன்றும் சாப்பிடாமலே பஸ் ஏறினோம். மாமா தலையெல்லாம் தவிட்டுத் தூசியோடு வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். ரேடியோ விஷயம் அவருக்குத் தெரியாது. "உன்னைக் கட்டிக்க எனக்கு இஷ்டமில்ல மாமா" என்றேன். கவிதையில் இதற்கு எத்தனையோ வரி பிடித்திருந்தது.

அவர் துண்டால் தலைத் தூசியைத் தட்டினார். அப்புறம் நைனா பக்கம் திரும்பினார். "பொண்ணுக்கு மூஞ்சி வெளுத்துப் பூட்ச்சி. மொதல்ல நாஷ்டா வாங்கிக் குடுங்க மாமா."

எழுதிவிட்டால் வாயால் சொல்ல வேண்டியதில்லை என்று நம்பித்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.