சாக்குக்குள் உடைத்த பாட்டில்கள்

என் நாடகத்தில் பாட்டில் உடைக்கிற வேலையை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. எழுதியதும் நான், இயக்கியதும் நான். ஆனாலும் கடைசிக் காட்சி வந்தால் பக்கத் திரைக்குப் பின்னால் போய்விடுவேன். ஒரு சாக்கில் பத்துப் பன்னிரண்டு காலி பாட்டில்களைப் போட்டு, வாயைக் கட்டி, சுத்தியலால் அடிப்பேன். மேடையில் ஒன்றும் நடக்காது. சைக்கிள் கடைக்காரனின் மனைவி தனியாக நின்று அந்தச் சத்தத்தைக் கேட்பாள். அவ்வளவுதான் காட்சி.

புனேயில் இருக்கிற தமிழர்களுக்காகப் போட்ட நாடகம். ஆகுர்டியில் என்னோடு வண்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும்தான் நடித்தார்கள். பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. வசனத்தை இந்தி எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்தார்கள்.

கதை என் ஊர்க் கதை. தோல் பதனிடுகிற ஊர். அந்தத் தொழிற்சாலைகளை எங்கள் பக்கம் ஷாப்பு என்போம். ஷாப்புத் தண்ணீர் இறங்கிக் கிணறெல்லாம் பழுப்பாகிவிடுகிறது. சைக்கிள் கடைக்காரன் ஒருவன் கிணறு கிணறாகத் தண்ணீர் எடுத்துப் பாட்டிலில் அடைத்து, எந்தக் கிணறு என்று சீட்டு ஒட்டி, கலெக்டரிடம் காட்டச் சேர்த்து வைக்கிறான். ஷாப்பை மூடிவிட்டால் சோற்றுக்கு என்ன செய்வது என்று ஊரே வந்து பாட்டில்களை உடைக்கிறது. பார்த்தவர்கள் அழுதார்கள். அருமையாக எழுதியிருக்கிறீர்கள் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்கு எரிச்சலாக வரும். கையை உருவிக்கொண்டு போய்ச் சாக்கை உதறுவேன்.

பிறகு நடித்தவர்கள் ரிடையர் ஆனார்கள், ஊருக்குப் போனார்கள், செத்தார்கள். நாடகம் நின்றது. என் மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு என் வீட்டு மணியை அடித்தவர்கள் பால்காரரும் கேஸ் சிலிண்டர்காரரும்தான்.

போன வருடம் ஒரு பெண் அடித்தாள். அப்பா விமானப்படையில் இருந்தவர். இங்கே புனே லோஹேகாவில் பிறந்து வளர்ந்தவள். ஒன்பது வயதில் அந்த நாடகத்தைப் பார்த்தாளாம். இப்போது படம் எடுக்கிறாள். அதைப் படமாக்க வேண்டும் என்றாள். திரைக்கதையைச் சேர்ந்து எழுதலாம் என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்து பேசுகிற சத்தத்துக்காகச் சரி என்றேன்.

ஞாயிறுதோறும் வந்தாள். வழியில் வடா பாவ் வாங்கிவருவாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. நான் படிப்பேன், அவள் லேப்டாப்பில் ஆங்கிலத்தில் அடிப்பாள். என் வசனங்களைக் கொத்துக் கொத்தாக வெட்டினாள்.

"அங்கிள், இவங்க பேசறாங்க. மத்லப், அதாவது, பேசிட்டே இருக்காங்க. நான் என்னத்த காட்டறது?"

"நாடகம்னா பேசத்தான் செய்வாங்க. வேற இன்னா செய்வாங்க, கபடி ஆடுவாங்களா?"

"சினிமாவுல ஆடலாம்" என்று சிரிப்பாள்.

நான் கத்துவேன். அவள் வெட்டுவாள். சனிக்கிழமை வந்தால் வீட்டைக் கூட்டி, இரண்டு கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் படுப்பேன். அதை அவளிடம் சொன்னதில்லை.

இப்படியே கடைசிக் காட்சிக்கு வந்துவிட்டோம்.

"இதுல பாட்டில் உடையறதக் காட்டணும் அங்கிள்."

"வேணாம். சத்தம் போதும்."

"ஸ்டேஜுல போதும். இங்க கேமரா கடைக்குள்ள இருக்கு. கூட்டம் உள்ள வருது. பாட்டில் எங்க இருக்கு?"

"பழைய டயருங்க பின்னாடி. கோணி போட்டு மூடியிருக்கும்."

"அப்ப அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

இருபது இருபத்தைந்து தடவை அந்த நாடகத்தைப் போட்டிருப்போம். ஒருத்தரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சத்தம் கேட்டது, அழுதார்கள், வீட்டுக்குப் போனார்கள். இவள் கேட்டுவிட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்குப் போதும். போம்மா" என்றேன்.

அந்த வாரம் முழுக்க ஒரே ஒரு பக்கம் எழுதினேன். கடைக்காரன் வெளியே போயிருக்கிறான். அவன் கூட்டாளி கடையைப் பார்த்துக்கொண்டு ஒரு டியூபுக்கு ஒட்டுப் போடுகிறான். கூட்டம் வருகிறது. எங்கே என்று கேட்கிறார்கள். கூட்டாளி கையைக் காட்டுகிறான். வசனமே இல்லை. இதையாவது வெட்ட மாட்டாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை படித்துக் காட்டினேன். யோசித்தாள்.

"நல்லா இருக்கு. ஆனா ஃப்ரெண்ட் ஏன் காட்டறான்? ரீசனே இல்லையே. அவனை அடிக்கிறாங்களா?"

"இல்ல."

"மிரட்டறாங்களா?"

"இல்ல. அவன் அப்பனும் அண்ணனும் ஷாப்புல வேலை பாக்கறாங்க. அதான் ரீசன்."

"அது பத்தாது அங்கிள். ஆடியன்ஸ் நம்ப மாட்டாங்க. ஓனரோட ஆள் ஒருத்தன் முன்னாடியே வந்து பாத்துட்டுப் போற மாதிரி வெச்சிடலாமா?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இத்தனை வருடம் கழித்து ஒரு வில்லனைக் கூட்டிவந்து பழியை அவன் தலையில் கட்டச் சொல்கிறாள்.

"காட்டினது நான்தான்" என்றேன். "நம்பினா நம்பு."

அவள் விரல் லேப்டாப் மேல் அப்படியே நின்றது. மிச்சத்தையும் சொன்னேன். அந்தச் சைக்கிள் கடைக்காரன் என் கூட்டாளி. பாதிப் பாட்டில்களுக்குத் தண்ணீர் மொண்டவன் நான். சீட்டில் கிணற்றுப் பெயர் எழுதியவனும் நான்தான், அவனுக்குக் கையெழுத்து நன்றாக இருக்காது. அன்று கலெக்டர் ஆபீசில் எந்தக் கிழமை மனு வாங்குகிறார்கள் என்று கேட்டுவரப் போயிருந்தான். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கடைக்கு வந்தான். கடையில் வேறொன்றும் உடையவில்லை. அந்த மூலையில் மட்டும்தான் டயரை நகர்த்தியிருந்தார்கள். அதைப் பார்த்தான். துடைப்பம் எடுத்துக் கண்ணாடியைக் கூட்டினான்.

"டியூபு ஒட்டிட்டியா?" என்று கேட்டான்.

"ஒட்டிட்டேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. இரண்டு மாதத்தில் நான் புனேக்கு ரயில் ஏறினேன். அவன் இறந்த செய்தி வந்தபோது லீவு இல்லை என்று வீட்டில் பொய் சொன்னேன். என் மனைவிக்கு இது எதுவும் தெரியாது. தெரியாமலேதான் போனாள்.

அவள் லேப்டாப்பை மூடினாள். பிறகு, "அப்படியே வெச்சுக்கறேன்" என்றாள். வடா பாவைத் தொடாமல் கிளம்பினாள்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. ஷூட்டிங் வேலை என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினாள். அதற்கடுத்த ஞாயிறும் அதே செய்தி. 'சார்' என்று எழுதியிருந்தாள். அதுவரை நான் அவளுக்கு அங்கிள். அவள் மேல் தப்பில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது. காட்சி கிடைத்துவிட்டது, கிழவன் எதற்கு என்று திட்டினேன். யாரிடம் திட்ட? சுவரிடம். இரண்டு வாரம் கழித்துத்தான் புரிந்தது. அவள் என்னைத் தூக்கிப் போடவில்லை. ஒன்பது வயதில் அந்தச் சத்தம் கேட்டு அழுத பெண்ணுக்கு, சுத்தியலைப் பிடித்திருந்தவன் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. என் எதிரில் உட்கார்ந்து சிரிக்க அவளுக்கு வரவில்லை. எனக்கே வந்ததில்லை.

ஹடப்சரில் மூடிக்கிடந்த ஒரு ஷெட்டில் படத்துக்காகச் சைக்கிள் கடை செட் போட்டிருந்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. ஒரு புதன்கிழமை காலை பத்தரைக்குப் போன் அடித்தது. பின்னால் ஒரே கூச்சல், யாரோ மராட்டியில் லைட்டை நகர்த்தச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"சார், ஒரு சின்ன டவுட். டயலாக் இல்ல. ஆக்டர் கேக்கறான்." நிறுத்தினாள். "எந்தக் கை?"

"இன்னா?"

"காட்டினது. எந்தக் கை?"

"இடது கை" என்றேன். "வலது கை தொட்டித் தண்ணியில டியூப அமுக்கிப் புடிச்சிருந்துச்சு. ஓட்டை எங்கன்னு பாத்துட்டிருந்தேன்."

"எழுந்திருக்கலையா?"

"இல்ல. டியூப விடல."

அவள் யாரிடமோ இந்தியில் அதைச் சொன்னாள். தண்ணீர்த் தொட்டி கொண்டுவா என்றாள். "ஓகே சார்" என்று போனை வைத்தாள்.

நானும் போனை வைத்தேன். பிறகு சமையலறைக்குப் போனேன். கவிழ்த்து வைத்திருந்த இரண்டு கிளாஸில் ஒன்றை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன்.