ஞாயிற்றுக்கிழமை வைத்த விசாகம்

லண்டனில் ஒரு பௌத்த சங்கம். அதற்குக் கேள்வி எழுதிப் போடுகிறவர்கள் இங்கிலாந்தின் எந்தெந்த மூலைகளிலோ இருந்தார்கள். பதில் எழுதுகிற வெள்ளைக்கார அம்மையார் கொடைக்கானலில் இருந்தார். அந்தப் பதில்களை டைப் அடிக்கிறவள், பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தவரின் இரண்டாவது மகளான நான்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. கொடைக்கானலில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். கடையில் சூடம் பொட்டலம் கட்டிய விரல்கள், மலையேறி வந்து ஆங்கில எழுத்துகளைத் தட்டின. தட்டத் தட்ட ஊர் சிறியதாகிக்கொண்டே போனது. காலில் சக்கரம் முளைத்தவள் மாதிரி இருந்தேன், போவதற்குத்தான் இடமில்லை.

அம்மையார் அந்தச் சங்கத்துக்குப் பல வருஷம் காரியதரிசியாக இருந்தவர். லண்டன் புகை நெஞ்சில் இறங்கிவிட்டது. மலைக்காற்றுக்குப் போ என்று டாக்டர் துரத்திவிட்டார். சங்கம் அவரை விடவில்லை. பொதுஜனங்களிடமிருந்து வரும் கடிதங்களைக் கட்டுக் கட்டாகக் கப்பலேற்றிக்கொண்டிருந்தது. சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மனைவி, 'என் நாய் செத்துவிட்டது, அது இப்போது எங்கே இருக்கும்?' என்று கேட்டிருந்தாள். ஒரு வாத்தியார், தன் வகுப்பில் அரைமணி நேரம் பேச ஆள் கிடைக்குமா என்று விசாரித்திருந்தார். சிறையிலிருந்து ஒருவன் எழுதியிருந்தான்: 'தியானம் என்று சுவரைப் பார்த்து உட்காரச் சொல்கிறீர்கள். இங்கே எனக்கு வேறென்ன வேலை?' அம்மையார் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, 'அப்படியானால் நீங்கள் எங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டீர்கள்' என்று சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

சங்கம் கூட்டம் போட்டது, பள்ளிக்கூடங்களுக்கு ஆள் அனுப்பியது, கைதிகளைப் போய்ப் பார்த்தது, பனிமலை தாண்டி ஓடிவந்த திபெத்தியர்களுக்குக் கம்பளி சேர்த்தது. எனக்குத் தெரிந்த சாமி படிக்கட்டுகளின் உச்சியில் இருந்தது. நாம்தான் ஏறிப் போகவேண்டும். இந்த மதமோ தபால்தலை ஒட்டிக்கொண்டு வீடு தேடிப் போயிற்று. எனக்கு அது பிடித்திருந்தது.

எங்கள் ஆபீஸ் பஜாரில் தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை. முன்பு உருளைக்கிழங்கு கிட்டங்கியாக இருந்தது. சங்கம் அனுப்பிய புத்தகங்கள் இரண்டு பீரோ நிறைய. யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம் என்று வாசலில் பலகை. படிக்கிறவள் நான் ஒருத்திதான். முதல் பீரோவை முடித்திருந்தேன்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. சங்கத்தின் வெளிநாட்டுப் பொறுப்பாளர் இலங்கை போகும் வழியில், புத்தர் பிறந்த விசாகத்தன்று இங்கே வருகிறார். ஊர் மக்கள் இந்த அறையைப் பயன்படுத்துகிறார்களா என்று நேரில் பார்ப்பார். இல்லையென்றால் அறையை மூடிவிட்டு, புத்தகங்கள் கொழும்புக்குப் போகும்.

அம்மையார் கடிதத்தை மடித்தார். "புஸ்தகம் போச்சுன்னா நீயும் பழனி போவே," என்றார் அவருடைய கொடைக்கானல் தமிழில். "நான் எங்க போவேன்னு தெரியல."

இரண்டாவது பீரோவைப் பார்த்தேன். அதை நான் இன்னும் தொடவேயில்லை.

பௌர்ணமி வெள்ளிக்கிழமை வந்தது. ஆனால் லண்டனில் விசாகத்தை அடுத்த ஞாயிறுதான் கொண்டாடுவார்கள். அன்றைக்குத்தான் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஓய்வு. அம்மையார் சங்கத்து வழக்கப்படியே ஞாயிறு பிற்பகல் என்று குறித்தார். நானும் யோசிக்காமல் நோட்டீஸ் அடித்தேன். இருவருமாகக் கடைகடையாகப் போய் அழைத்தோம். ஜவுளிக்கடைக்காரர், மருந்துக்கடைக்காரர், தபாலாபீஸ் குமாஸ்தா, எல்லாரும் எழுந்து நின்று, "கட்டாயம் வாரோங்க" என்றார்கள்.

ஞாயிறு காலை அக்காதான் கேட்டாள்: "ஏண்டி, இன்னைக்குச் சந்தையாச்சே. ஊர்ல ஒரு பய கடைய விட்டு நகருவானா?"

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். ஞாயிறு கொடைக்கானலின் சந்தை நாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆபீசுக்கு லீவு. அதனால் சந்தை என் தலையில் பதியவேயில்லை.

"அப்ப ஏன் அத்தன பேரும் வாரேன்னாக?"

"பெரிய மனுசி வாசல் தேடி வந்து கூப்புடுறா. மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு யாருடி சொல்லுவா? அது கெடக்கட்டும், நீ மொட்டை போட்டுக்கிட்டு அவுக கூடப் போயிருவேன்னு அம்மா பயந்து கெடக்கு."

"பழனில பொறந்தவளுக்கு மொட்டை என்ன புதுசா?" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

பிற்பகல் மூன்று மணி. முப்பது நாற்காலி, ஒரு புத்தர், ஒரு ஜாடி லில்லிப்பூ. பொறுப்பாளர் வந்துவிட்டார், நெடிய, மெலிந்த, முழங்கால் வலிக்கிற மனிதர். காலி நாற்காலிகளை எண்ணாமல் இருக்க அவர் மரியாதையாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மையார் கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டி விரித்தார்.

அப்போது மழை பிடித்தது. மே மாதத்து மலைமழை, சொல்லிக்கொண்டா வரும்? சந்தை அப்படியே கலைந்தது. பூம்பாறை, மன்னவனூர் பக்கத்திலிருந்து பூண்டு கொண்டுவந்தவர்கள் திறந்திருந்த எங்கள் கதவைப் பார்த்தார்கள். முதலில் மூட்டைகள் வந்தன, பிறகு ஆட்கள். ஐந்து, பத்து, நாற்பது பேர். நாற்காலியை யாரும் தொடவில்லை, தரையில் உட்கார்ந்தார்கள். புத்தரைச் சுற்றிப் பச்சைப் பூண்டு வாசனை.

அம்மையார் எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன்: "இருவது நிமிசம் பேசாம உக்காரணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"துண்ணூறு குடுப்பாகளா?" என்றார் ஒரு தலைப்பாக்காரர்.

"இல்லைங்க."

"அப்ப என்னத்துக்கு உக்காரணும்?"

"சும்மாதாங்க."

"சும்மாவா? எங்க வீட்டுல சும்மா உக்காந்தா வெளக்கமாறு பறந்து வருமே!"

சிரிப்பு கூரைவரை போனது. பிறகு, எப்படியென்று தெரியவில்லை, அடங்கியது. தகரத்தில் மழை. இருட்டோடு எழுந்து, மட்டக்குதிரைகளோடு மைல் கணக்கில் நடந்த உடம்புகள் மெல்லத் தளர்ந்தன. ஒரு குறட்டை எழுந்தது. "ஏலே, தொரை பாக்குறாக," என்று பக்கத்து ஆள் இடித்தான். பொறுப்பாளர் கண் திறக்கவில்லை. அவர் மீசை மட்டும் அசைந்தது.

இருபது நிமிஷம் கழிந்து மணி அடித்ததும் பொறுப்பாளர் அம்மையாரிடம் கேட்டார்: "இவர்களில் உறுப்பினர்கள் எத்தனை பேர்?"

பாதிப்பேர் என்று சொல்லிவிடுங்கள் என்று என் மனம் கத்தியது.

"ஒருவரும் இல்லை," என்றார் அம்மையார். "மழைக்கு ஒதுங்கியவர்கள். அழைத்தவர்கள் வரவில்லை. நாள் குறித்தது என் தவறு."

எனக்கு அவர்மேல் அப்படியொரு கோபம். அந்த நேரம் பார்த்து ஒரு பூண்டுக்காரம்மா என் முந்தானையை இழுத்தார். மடியிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, நாலாக மடித்த இன்லண்ட் லெட்டர் ஒன்றை எடுத்தார்.

"தாயி, இத்தன புஸ்தகம் வச்சிருக்கீக. இதைச் செத்த வாசி. பட்டாளத்துல இருந்து மகன் போட்டது. வந்து மூணு சந்தை ஆச்சு. சந்தையில ஆளு நிக்குது, நின்னு வாசிக்க ஆளு இல்ல."

வாசித்தேன். சௌகரியமாக இருக்கிறான். குளிர் நம்மூரைவிட அதிகம். புதுக் கம்பளி கொடுத்திருக்கிறார்கள்.

"நம்மூர விடவா? பொய் சொல்றான், பாவிப்பய," என்றார். கண் நிறைந்துவிட்டது. "இன்னொரு தடவ வாசி, அந்தக் கம்பளி போட்ட எடம்."

மறுபடி வாசித்தேன். அதற்குள் வேறு இரண்டு பேர் மடியைத் தடவிக் காகிதம் எடுத்தார்கள்.

என்ன நடக்கிறது என்று பொறுப்பாளர் கேட்டார். சொன்னேன். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, அந்த அம்மாவிடம் கேட்கச் சொன்னார்: இந்த அறை அடுத்த ஞாயிறும் திறந்திருந்தால் வருவீர்களா?

"வராம? சந்தைக்கு வந்தா பொம்பளைக உக்கார ஒரு எடம் உண்டா? பேசாம உக்காரணும்னாலும் உக்காருறோம். சோலி முடிஞ்சப்புறம்தான்."

அதையும் மொழிபெயர்த்தேன், சோலி உட்பட.

மழை விட்டதும் எல்லாரும் வெரசாக எழுந்து போனார்கள். வாடகைபோல இரண்டு கொத்துப் பூண்டு மேஜைமேல் கிடந்தது. பொறுப்பாளர் தன் அறிக்கையை அங்கேயே சொல்ல, நான் அடித்தேன். கிளைச் சங்கம்: இல்லை. உறுப்பினர்கள்: இல்லை. வாசகசாலை தொடரவேண்டும். அவர் நின்று, யோசித்து, சேர்த்தார்: ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டாயம் திறந்திருக்கவேண்டும்; தமிழில் கடிதம் படிக்கவும் எழுதவும் ஒருவர் இருக்கவேண்டும்.

'ஒருவர்' என்ற இடத்தில் என் விரல் தடுக்கியது. அடித்துத் திருத்தினேன்.

அம்மையார் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார். இனி அவை வேண்டியிருக்காது என்று எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

"அப்போ எனக்கு எந்தக் கிழமை லீவு?" என்று கேட்டேன்.

"திங்கள்," என்றார். "போறப்போ இரண்டாவது பீரோ சாவிய எடுத்துக்கோ."