நாலு மூலையிலும் மஞ்சள்

ஒத்தக்கடையில் எங்கள் தெருவில் எனக்கு ரொம்ப நாள் நல்ல பெயர் கிடையாது. மற்றவர்கள் வீட்டுக் கொடியில் துவைத்த துணி காயும். எங்கள் மாடிக் கொடியில் கறை பிடித்த துணி காயும். சாம்பார்க் கறை, வெற்றிலைக் கறை, ஐஸ்கிரீம் கறை, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்க் கறை என்று கிளிப் மாட்டி வரிசையாகத் தொங்கும். எதிர்வீட்டு அம்மா பார்த்துப் பார்த்துப் பொறுக்கமுடியாமல் ஒருநாள் என் மாமியாரிடம் போய், உங்கள் மருமகளுக்குத் துவைக்க வராவிட்டால் நான் சொல்லித்தருகிறேன், கூச்சப்பட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அத்தை இதை என்னிடம் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவளுக்குத் துணி துவைக்கச் சொல்லித்தருகிறார்களாம்.

நானும் என் வீட்டுக்காரரும் அப்போது துணி துவைக்கும் பவுடர் செய்ய ஆரம்பித்திருந்தோம். அவருக்குத் திருப்பூரில் சாயப்பட்டறை வேலை. சனிக்கிழமை ராத்திரி வருவார், ஞாயிறு ராத்திரி பஸ் ஏறிவிடுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே கதைதான். வாரத்தில் ஒருநாள் புருஷனை வைத்துக்கொண்டு சண்டைகூட ஒழுங்காகப் போட முடியாது, பாதியில் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். பவுடர் மட்டும் நன்றாக ஓடிவிட்டால் அவர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடலாம். ஓடாவிட்டால் திருப்பூரே கதி. அங்கே மேஸ்திரி வேறு, ஷிஃப்ட் பொறுப்பு தருகிறேன், ஆனால் இனி வாராவாரம் ஊருக்கு ஓடக்கூடாது, யோசித்து ஒரு முடிவு சொல் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். ஆக, நான் கறை போட்டுக்கொண்டிருந்தது பவுடருக்காக இல்லை, என் புருஷனுக்காக. இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

பவுடர் நல்லதா என்று பார்க்க வேண்டுமானால் எல்லாத் துணியிலும் கறை ஒரே மாதிரி இருக்க வேண்டும். அளவாகக் கறை போட்ட துணியை வெளிநாட்டில் காசுக்கே விற்கிறார்களாம். கறையைக் காசு கொடுத்து வாங்குவதா என்று நானே இறங்கிவிட்டேன். வெள்ளைத் துணியைச் சதுரமாக வெட்டி, கண்ணாடி வளையலை வைத்துப் பென்சிலால் வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்குள் மட்டும் இங்க் ஃபில்லரால் சொட்டுவிடுவேன். பிறகு நிழலில் காயவைத்து, உடனே துவைக்காமல் சில நாள் வைத்திருப்பேன். கறை என்றால் கொஞ்சம் பழகியிருக்க வேண்டும். அப்போதுதான் அது கறை.

முதல் தடவை பாயசக் கறை போட்டுக் கொடியில் தொங்கவிட்டு மறுநாள் போய்ப் பார்த்தால் துணி வெள்ளைவெளேரென்று இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாக எறும்பு வந்து மொத்தத்தையும் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. ஃபோனில் சொன்னதும் அவர் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தார், பவுடரை விட்டுவிட்டுப் பேசாமல் எறும்பை பாக்கெட் போட்டு விற்கலாம் என்றார். அதற்கப்புறம் கொடியின் இரண்டு முனையிலும் மண்ணெண்ணெய்த் துணியைச் சுற்றி வைத்தேன்.

கறைக்கு வைக்கிற சாம்பார்தான் அன்றைக்கு எங்களுக்கும் சாப்பாடு. அதில் நான் மஞ்சள்தூள் போடமாட்டேன். மஞ்சளில் சோப்பு பட்டால் குங்குமம் மாதிரி சிவந்துவிடும் என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அலசினால் மறுபடி மஞ்சளாகும், வெயிலில் போட்டால் தானாக மறைந்துபோகும். மஞ்சளைப் போக்குவது வெயிலின் வேலை, அதை வைத்துப் பவுடரை எடைபோடுவது நியாயமே இல்லை என்பது என் கட்சி. வீட்டுக்காரரும் என் கட்சிதான். அத்தை மட்டும் தட்டைப் பார்த்துவிட்டு, சீக்குக்காரனுக்கு வைத்த சாம்பார் மாதிரி வெளுத்துக் கிடக்கிறதே என்று வாரம் தவறாமல் சொல்வார். சொல்லிக்கொண்டே இரண்டாம் தடவையும் ஊற்றிக்கொள்வார்.

ஒருவழியாக மேலூர் ரோட்டில் ஒரு சலவைக்கூடத்தில் எங்களை வரச் சொன்னார்கள். கல்யாண மண்டபங்களில் நாற்காலிக்கு வெள்ளை உறை போடுகிறார்களே, அந்த உறைகளெல்லாம் அங்கேதான் வெளுக்கப் போகும். பந்தி முடிந்து வருகிற உறையின் கோலத்தைக் கேட்கவே வேண்டாம். அங்கே பொறுப்பில் இருந்த அக்கா கறாரான ஆள். உங்கள் கையாலேயே கறை போட்டு இரண்டு செட் துணி கொண்டுவாருங்கள், ஒன்றை உங்கள் பவுடரில் போடுவோம், இன்னொன்றை நாங்கள் இப்போது வாங்குகிற பவுடரில் போடுவோம், எது நன்றாக வெளுக்கிறதோ அதைத்தான் இனி வாராவாரம் வாங்குவோம் என்று சொல்லிவிட்டார். வாராவாரம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் காது குளிர்ந்துவிட்டது. இவர்கள் வாராவாரம் வாங்கினால் அவர் வாராவாரம் பஸ் ஏற வேண்டாம்.

உறைக்குப் போடுகிற அதே துணியைப் புதிதாக எடுத்து வந்து வெட்டி, அந்த வாரம் முழுக்கக் கறை போட்டேன். சனிக்கிழமை எல்லாவற்றையும் மடித்து ஒரு பையில் போட்டுச் சாமி அலமாரிக்குக் கீழே வைத்தேன். ஞாயிறு காலை அத்தை தன் மகனுக்கு விபூதி பூசிவிட்டு, பையையும் அவரே எடுத்துக் கொடுத்து, திரும்பிப் பார்க்காமல் போங்கள் என்று அனுப்பிவைத்தார்.

சலவைக்கூடத்தில் பையைத் திறந்து முதல் துணியை விரித்தேன். நாலு மூலையிலும் பளீரென்று மஞ்சள். அடுத்ததை எடுத்தேன், அதிலும் நாலு மூலை. ஒரு துணி பாக்கியில்லை. புதுத்துணி எடுத்தால் ஒரு மூலையில் துளி மஞ்சள் வைக்காமல் எங்கள் வீட்டில் யாரும் உடுத்தமாட்டோம். கறை இருந்தால் என்ன, புதுத்துணி புதுத்துணிதானே. நல்ல காரியத்துக்குப் போகிறது என்று அத்தை தாராளமாக நாலு மூலையிலும் குழைத்து வைத்திருக்கிறார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அதற்குள் அந்த அக்கா துணியை என் கையிலிருந்து வாங்கிவிட்டார்.

மூலையைத் தடவிப் பார்த்தவர் முகம் மாறியது. "பவுடர் விக்க வர்றவுக எல்லாக் கறையும் கொண்டாருவாக, மஞ்சள மட்டும் கொண்டாரமாட்டாக. நீங்க நாலு மூலையிலயும் வச்சுக் கொண்டாந்திருக்கீக. அம்புட்டு நம்பிக்கையா?" என்றார்.

என் வீட்டுக்காரர் பெரிய விஞ்ஞானி மாதிரி மெல்லத் தலையாட்டினார். அதைப் பார்த்ததும் எனக்குப் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திப் பார்த்தேன், முடியவில்லை. என் வாய் சும்மா இருக்காது என்று எங்கள் அம்மா சொல்வது சரிதான்.

"இல்லக்கா, அது நாங்க வச்சதில்ல. எங்க அத்தை வச்சது. புதுத்துணின்னு மஞ்சள் வச்சு விட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்காரர் முறைத்த முறைப்பில் நான் பஸ்மமாகியிருக்க வேண்டும். போச்சு, நம் வாயாலேயே மண் அள்ளிப் போட்டுக்கொண்டோம் என்றுதான் நினைத்தேன். அக்கா இரண்டு செட்டையும் இரண்டு மெஷினில் போட்டு, அவரவர் பவுடரைக் கொட்டி, கதவைச் சாத்தினார். கண்ணாடி வழியாகத் தண்ணீர் சிவப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் மெஷினிலும் சிவந்தது, அவர்கள் மெஷினிலும் சிவந்தது. வீட்டுக்காரர் உள்ளங்கை வியர்வையைப் பேண்ட்டில் துடைத்துத் துடைத்து அந்த இடமே ஈரமாகிவிட்டது. பாவமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது, ஆட்கள் இருக்கிறார்களே என்று விட்டுவிட்டேன்.

வெளியே எடுத்தபோது வெற்றிலைக் கறையில் இரண்டு பவுடரும் சமம். இரண்டிலும் லேசாகத் தெரிந்தது. ஐஸ்கிரீம் இரண்டிலும் போயே போய்விட்டது. எண்ணெயிலும் சாம்பாரிலும்தான் வித்தியாசம். அவர்கள் துணியில் வட்டம் வட்டமாக நிழல் தட்டியது. எங்கள் துணியில் பென்சில் கோடு மட்டும்தான் மிச்சம். மஞ்சள் மட்டும் இரண்டிலும் உட்கார்ந்திருந்தது. அக்கா எல்லாவற்றையும் மொட்டைமாடியில் காயப்போடச் சொன்னார். சித்திரை வெயில், கால் வைக்க முடியவில்லை. எங்களுக்கு மோர் கொடுத்து நிழலில் உட்காரவைத்தார்கள். மத்தியானம் அக்காவே மேலே போய்த் துணிகளை எடுத்துவந்து மேசையில் விரித்தார். மூலையில் மஞ்சள் இருந்த இடம் தெரியவில்லை, எங்களதிலும் இல்லை, அவர்களதிலும் இல்லை.

அக்கா எங்கள் துணி ஒன்றை மடித்து என் கையில் கொடுத்தார். "ஏந்தங்கச்சி, மஞ்சள் நீங்க வச்சதுன்னு சொல்லிட்டுப் போயிருந்தா எனக்கு என்ன தெரியப்போவுது? கேக்காமலே உள்ளதச் சொன்ன பாரு. அடுத்த வாரத்துல இருந்து பவுடர் அனுப்புங்க" என்றார்.

வண்டியில் திரும்பும்போது யானைமலை தாண்டும்வரை அவர் வண்டியை விரட்டிக்கொண்டே வந்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தால் சிரிக்கிறார். நானும் பின்னால் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். பக்கத்தில் வந்த ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள் எங்களை ஒருமாதிரியாகப் பார்த்தார்கள், பார்க்கட்டுமே. வீட்டில் அத்தை கதையைக் கேட்டுவிட்டு, தான் மஞ்சள் வைக்காமல் இருந்திருந்தால் இந்தக் காரியம் நடந்திருக்குமா என்று எங்களையே கேட்டார். அன்றைக்கு எதிர்வீடு உட்பட நாலு வீட்டுக்குக் கேசரி போனது.

சாயங்காலம் மேஸ்திரி ஃபோன் செய்தார், எந்த பஸ்ஸுக்கு வருகிறாய், என்ன முடிவு செய்தாய் என்று கேட்பதற்கு. வீட்டுக்காரர் கேசரிக் கையோடு ஃபோனை எடுத்தார்.

"வரலண்ணே. சாமான எடுக்க ஒருநா வாரேன். இனிமே ஊர்லதான்" என்றார். இவ்வளவுதான் சொன்னார். நான் அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷத்தில் அழுவதெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொல்வது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

மறுநாள் திங்கட்கிழமை. விடிந்து வெகுநேரம் ஆகியும் பக்கத்தில் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அத்தை வாசலில் நின்று காபி ஆறுகிறது என்று குரல் கொடுத்தார். நான் எழுப்பவில்லை. நேரம் கிடக்கிறது, தூங்கட்டும் என்று நானும் மறுபடி படுத்துக்கொண்டேன்.